கண்ணால் பார்த்து வரைந்த ஆள்

தம்பி,

கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. இந்த நேரத்தில் ஒரு அப்பன் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் வழக்கமாக இருக்கவேண்டியது எதுவும் இதில் இருக்காது. விட்டுக்கொடுத்துப் போ, அம்மாவையும் பெண்டாட்டியையும் சமமாகப் பார் என்றெல்லாம் சொல்ல உன் பெரியப்பா இருக்கிறார், கேட்காமலே சொல்லுவார். நான் எழுதுவது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே மத்திகிரிக்கு வந்துவிட்டுப் பெங்களூர் திரும்பியதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் நீ லேப்டாப்பைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினாய். ஒகேனக்கல்லில், பாறைமேல், மஞ்சள் சுடிதாரில், எனக்கு மருமகளாக வரப்போகிற கவிதா. பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவன். அவள் ஆபீசில் டூர் போனபோது எடுத்தது, அவளே அனுப்பினாள் என்றாய். "அப்பா, நீங்க மூஞ்சியப் பார்த்தே ஆளச் சொல்லுவீங்கல்ல. இவ இவனைப் பாக்குற பார்வை எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டாய். சும்மா கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் நான் முப்பது வருஷம் பத்திரிகைக்குப் படம் போட்டவன். கவிதாவின் தோளை ஒட்டி, படத்தின் ஓரத்தில், இன்னொருத்தியின் துப்பட்டா நுனி தெரிந்தது. அவன் முழங்கைக்குப் பின்னால் வேறு யாரோ ஒருவரின் விரல்கள். அங்கே ஐந்தாறு பேர் நின்றிருக்கிறார்கள். மற்றவர்களை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு பேரை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தாய். நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். கை கழுவும்போது என் முதுகுக்குப் பின்னால் நீ சொன்னாய்: "மல்லிகாக்கா புருஷன் மாதிரி நானும் ஏமாந்துடக் கூடாதில்லப்பா."

எதிர்வீட்டு மல்லிகா உனக்கு ஓடிப்போன அக்கா. இந்தத் தெருவுக்கே அவள் ஓடிப்போனவள்தான். அப்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நம்பினாய், உன்மேல் தப்பில்லை. அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவன் இந்தப் பூமியில் நான் ஒருத்தன்தான். உன் அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும். இனி உனக்கும் தெரியட்டும்.

நான் எப்படிப் படம் போடுவேன் என்று நீ சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். பார்த்தாயே தவிர, அதில் இருந்த திருட்டு உனக்குத் தெரியாது. கம்பெனியில் முதல் ஷிப்ட் டிராயிங் போர்டில் நின்றுவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டதும் தொடர்கதைக்கு உட்காருவேன். சென்னையிலிருந்து உதவி ஆசிரியர் போன் பண்ணுவார். அத்தியாயம் எழுத்தாளரிடமிருந்து வந்திருக்காது. "நாயகி பஸ் ஸ்டாப்ல நிக்கிறா சார், ஒருத்தன் வந்து காதுல ஏதோ சொல்றான், அவ முகத்துல பயம். அவ்வளவுதான், போட்டு அனுப்பிடுங்க" என்பார். மறுநாள் கூரியர் போயாக வேண்டும். யோசித்து வரைய ஏது நேரம்? பாகலூர் ரோட்டில் பழைய பேப்பர் கடை ஒன்று இருந்தது. பெங்களூர் கண்டோன்மெண்ட் பங்களாக்களைக் காலி பண்ணும்போது வருகிற பழைய புஸ்தகமெல்லாம் லாரியில் அத்திப்பள்ளி தாண்டி அங்கேதான் வந்து இறங்கும். அதில் எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக்காரத் துணிக்கடையின் கேட்டலாக். நான் பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தது. போட்டோ ஒன்றுகூட இல்லை, அத்தனையும் கையால் வரைந்த படம். தொப்பி போட்ட ஆண்கள், இடுப்பு சிறுத்த பெண்கள், கவுன்கள், ஓவர்கோட்டுகள். தோளில் வைத்த பிரஷ்ஷை எடுக்காமல் கோட்டின் கீழ் ஓரம்வரை ஒரே இழுப்பில் இழுத்திருப்பான் அந்த மனிதன். துணியின் கனம் அந்த ஒரு கோட்டிலேயே தெரியும். எத்தனையோ முறை அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பொறாமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, டிரேசிங் பேப்பரை வைத்து எடுத்துக்கொண்டேன்.

உடம்பு கேட்டலாக்கிலிருந்து வரும். கவுனை அழித்துவிட்டு உன் அம்மாவின் புடவையைச் சுற்றிவிடுவேன், அதற்காக அவளைக் கொடியருகே நிற்கவைத்து மடிப்பைப் பார்த்துக்கொள்வேன். முகம் மட்டும் தெருவிலிருந்து வரும். வெள்ளைக்கார முகத்தைப் போட்டால் வாசகன் கண்டுபிடித்துவிடுவானே. அதனால் ஷிப்ட் பஸ்ஸில், சந்தையில், எதிர்வீட்டில் பார்த்த முகத்தையெல்லாம் எடுத்து ஒட்டினேன். யாரிடமும் கேட்டதில்லை. நம் முகத்தைப் பத்திரிகையில் போட்டால் சந்தோஷம்தானே படுவார்கள் என்று ஒரு திமிர்.

எதிர் லைன் வீட்டில் மல்லிகா குடியிருந்தாள். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி அவளுக்குச் சொந்த ஊர். ஒரு தையல் கம்பெனியில் வேலை, தினம் காலையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். மோவாயின் வலது பக்கம் ஒரு சின்னத் தழும்பு, பக்கவாட்டு வகிடு, சிரிப்பதற்கு முன்னால் கீழே பார்க்கிற பழக்கம். அந்தத் தொடரின் நாயகிக்கு அவள் முகத்தைத்தான் போட்டேன், தழும்பு உட்பட. பஸ் ஸ்டாப் அத்தியாயம் வந்த வாரம் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே ஓடிவந்தாள். "அண்ணா, என்னியப் போட்டுட்டீங்களே. கம்பெனில எல்லாரும் என்னாடி, நீ கதையில வர்றியான்னு கேக்குறாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பக்கத்தைப் பக்குவமாகக் கிழித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டாள். அவள் வீட்டுச் சுவரில்தான் அவள் புருஷன் சின்னராஜ் அதைப் பார்த்தான்.

படத்தில் அவள் காதருகே குனிந்து பேசுகிறவனை எங்கிருந்து எடுத்தேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். அவன் கேட்டலாக்கில் ஓவர்கோட்டு விற்கிறவன். தொப்பியையும் கோட்டையும் கழற்றிச் சட்டை மாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, மீசை வைத்துவிட்டேன். கையில் கையுறைகளைப் பிடித்திருந்தான், அதை மடித்த தினசரியாக மாற்றினேன். அன்றைக்கு அவனுக்குத் தெருவில் முகம் தேட நேரமில்லை; நிற்கிற தோரணை, தலை சாய்ப்பு, மூக்கு, தாடை எல்லாம் அப்படியே. யாரோ ஒரு ஓவியன் கடல் தாண்டி எங்கேயோ, நான் பிறப்பதற்கு முன் வரைந்த ஆள் அவன். மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் அப்படி ஒருவன் ஒருநாளும் நின்றதில்லை.

அந்தப் படம் வருவதற்கு முந்தின வாரம்தான் வாசகர் கடிதம் ஒன்று வந்திருந்தது. ஓவியர் இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் போலிருக்கிறதே என்று யாரோ எழுதியிருந்தான். உதவி ஆசிரியர் போனில் சுரீரென்று கேட்டார்: "சார், இது உண்மைன்னா நாங்க வேற ஆளப் பார்த்துக்குவோம்." கம்பெனியிலும் செய்தி பரவி, கேன்டீனில் என்னைப் பார்த்ததும் டிரேசிங் பேப்பர் வேண்டுமா என்று கிண்டல் பண்ணினார்கள். நான் வெந்துபோயிருந்தேன். உண்மையைச் சொல்லிக் கிண்டல் பண்ணினால்தானே அப்படி வேகும்.

படம் வந்து இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் டீக்கடையில் என் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தேன். சின்னராஜ் வந்தான். பாக்கெட்டிலிருந்து மடித்த பக்கத்தை எடுத்து விரித்தான். சண்டைக்காரன் மாதிரி இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணா, இது எங்கூட்டுக்காரி. செரி. இந்த ஆளு யாருங்கண்ணா? நீங்க பாத்து வரஞ்சதா, இல்ல சும்மா மனசுல நெனச்சி வரஞ்சதா?"

கம்பெனி ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தான். சும்மா வரைந்தது என்றால் போதும், விஷயம் முடிந்தது. என் வாய் சொன்னது இதுதான்: "நான் எதையும் சும்மா வரையறதில்ல சின்னராஜ். கண்ணால பார்த்ததத்தான் வரைவேன். காப்பியடிக்கிற பழக்கம் நமக்கு இல்ல." கடைசி வாக்கியத்தை அவனுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னேன். அவன் "ம்" என்றான். பக்கத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். டீக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றான். அதற்கு அடுத்த நாளும் நின்றான். மல்லிகா பஸ் ஏறிப் போன பிறகும் நிற்பான். பக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நிற்கிற ஆண்களின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பான். கண்டக்டரைப் பார்த்தான், கம்பெனி சூப்பர்வைசர்களைப் பார்த்தான், கால்நடைப் பண்ணை ஆட்களைப் பார்த்தான். நான் அதே பஸ்ஸில்தான் போனேன். என் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் ஒரு தலையசைப்பு, உதவி செய்தவருக்குக் காட்டுகிற மரியாதை மாதிரி. மூன்றாவது வாரம் மல்லிகாவை வேலைக்குப் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டான்.

அவள் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தாள். பத்து மணி இருக்கும், எனக்கு அன்று வார லீவு. வாசலிலேயே நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடது கையைப் புடவைக்குள் மறைத்திருந்தாள். "அண்ணா, ஒரே ஒரு வார்த்த அவுருகிட்ட சொல்லிடுங்கண்ணா, அது சும்மா படம்னு. நா சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா நம்புவாரு" என்றாள். சரிம்மா, சொல்றேன் என்றேன். அவள் போனதும் உன் அம்மா கேட்டாள்: "அந்த புக்க எடுத்துட்டுப் போயி அவன்கிட்ட காட்டிட்டு வந்தா என்ன?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காட்டினால் சின்னராஜ் தெரு முழுக்கச் சொல்லுவான், கம்பெனிக்குப் போகும், சென்னைக்குப் போகும் என்று கத்தினேன். நாளைக்குச் சொல்லலாம், புஸ்தகத்தைக் காட்டாமல் பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த வாரம் அத்தியாயத்துக்கு மூன்று படம் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரமும் அப்படித்தான் ஏதோ ஒன்று. ஒன்பதாவது நாள் எதிர்வீடு பூட்டிக்கிடந்தது. சாயங்காலம் சின்னராஜ் மட்டும் வந்து திறந்தான். கேட்டவர்களிடம், "அந்த ஆளு கூடவே போயிட்டா" என்றான்.

தெரு நம்பியது தம்பி. ஒருவர்கூட எந்த ஆளு என்று கேட்கவில்லை, எல்லோரும்தான் படத்தைப் பார்த்திருந்தார்களே. டீக்கடைக்காரர் அவன் ஒருமுறை தன் கடையில் டீ குடித்ததாகச் சொன்னார். பூக்காரம்மா அவனை பைக்கில் பார்த்ததாகச் சொன்னாள். கர்நாடகா வண்டி என்று நம்பர் பிளேட்வரைக்கும் ஒருவர் சொன்னார். பொய் சொல்லவில்லை அவர்கள், நிஜமாகவே பார்த்த மாதிரி அவர்களுக்கு ஞாபகம் வந்தது. என் கோடு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. நான் திண்ணமாக அறிந்திருந்த ஒரே விஷயம், அவள் அவனோடு போயிருக்க முடியாது என்பது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்றும் தெரிந்திருந்தது. அப்படியானால் அவள் எங்கே?

ஒரு வாரத்தில் கல்லாவியிலிருந்து அவள் தம்பி முருகேசன் வந்தான். பத்திரிகையின் அதே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டாக வைத்திருந்தான். "சார், இந்தாளப் புடிச்சிட்டா எங்கக்காவப் புடிச்சிடலாம். நீங்கதான் நேர்ல பாத்தவரு. வேற எதாச்சும் அடையாளம் சொல்லுங்க சார்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவ்வளவு சரியாகக் கவனிக்கவில்லை தம்பி என்றேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில், ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கடைச் சுவர்களில் அந்த ஓவர்கோட்டு விற்கிறவனை அவன் ஒட்டினான். மழை வந்து கரைகிறவரை படத்து ஆள் அங்கே இருந்தான். போலீசும் அவனைத்தான் தேடினார்கள். வீட்டுக்குள் யாரும் தேடவில்லை, சின்னராஜை உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்டதாகக்கூடத் தெரியவில்லை. எல்லோரும் அவன்மேல் பரிதாபப்பட்டார்கள். நாலு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் போய்விட்டான். அங்கே இன்னொரு பெண்ணைக் கட்டியிருக்கிறான் என்று கேள்வி.

நீ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரைச் சொன்னபோதுதான், பத்து வருஷமாக நான் மூடிவைத்தது என் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. உனக்குச் சின்னராஜ் ஏமாந்த புருஷன். பெண்டாட்டியைச் சரியாகக் கவனிக்காமல் கோட்டைவிட்டவன். நீ கவனிக்கப் போகிறாய், அவ்வளவுதானே?

புதன்கிழமை கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு கல்லாவிக்குப் போனேன். முருகேசன் சந்தையில் புளி வியாபாரம் பண்ணுகிறான். மூட்டைகளுக்கு நடுவே பக்கத்தை விரித்துக் காட்டினேன். தொப்பிக்காரனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிய வைக்க நேரமானது. புரிந்ததும், "அப்ப இப்பிடி ஒரு ஆளே இல்லீங்களா?" என்றான். இல்லை என்றேன். தராசைக் கீழே வைத்தான்.

"எங்கம்மா சாவுற வரைக்கும் அவ பேர எடுக்க உடல சார். குடும்பத்த அசிங்கப்படுத்திட்டுப் போனவன்னு. அப்ப எங்கக்கா எங்க சார்?"

அடிப்பான் என்று நினைத்துப் போனேன். அடித்திருந்தால் தேவலை. அடுத்த வாரம் அவனும் நானும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். கல்யாண நேரத்தில் என் பெயர் கெடும், உன் மாமனார் வீட்டில் பேச்சு வரும். வரட்டும்.

உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவனுக்கு ஆதாரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். படம் வேண்டுமா, படம் வரைய ஒரு முட்டாள் எங்காவது இருப்பான். பார்த்தேன் என்று சொல்ல ஒரு தெருவே வரும். அந்தப் போட்டோவில் அவள் பார்வை எப்படி இருக்கிறது என்று என்னிடம் நீ கேட்டாய். நான் பார்த்தது உன் பார்வையை. பஸ் ஸ்டாப்பில் பக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றவனிடம் நான் தினமும் பார்த்த பார்வை அது. உன்னைப் பெற்றவன் எழுதக்கூடாத வார்த்தை இது, ஆனாலும் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை உனக்கு அனுப்பவில்லை. முதலில் கவிதாவிடம்தான் கொடுத்தேன், நேற்று, கிருஷ்ணகிரியில் அவள் ஆபீசுக்கு எதிரே உள்ள பேக்கரியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒரு பக்கம்கூட விடாமல் படித்தாள். டீ ஆறிப்போனது. அழவில்லை. அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் யார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதங்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டாள்.

"மாமா, இந்த போட்டோவ நான் அவருக்கு அனுப்பவே இல்லையே. என் மெயில்ல மட்டும்தான இருந்துச்சு. அது எப்படி அவர்கிட்ட வந்துச்சு?"

அவளே அனுப்பினாள் என்று நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே தம்பி. அவளுக்கு என்ன சமாதானம் சொல்வது? சின்னஞ்சிறுசுகள், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பெற்ற பாசம் அப்படித்தான் இழுக்கும். நான் சொல்லவில்லை. நேராக அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், என் மகனுக்கு இப்போது பெண் கொடுக்க வேண்டாம் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா